நாகர்கோவிலில் நிருபராகச் சேரலாமா? ஒரு பழைய நிருபரின் பதில்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இதழியல் படித்து முடித்துவிட்டாராம். வீட்டில் "பேசாமல் பேங்க் பரீட்சை எழுது" என்கிறார்களாம். இவருக்குச் சொந்த மாவட்டத்திலேயே நிருபராக இருக்க ஆசை. மூத்த நிருபர்களிடம் விசாரித்தால் எல்லோரும் "அந்தக் காலம் போச்சு தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களாம். அந்தக் காலம் என்றால் எந்தக் காலம், போனது என்ன, இப்போது இந்த வேலை எப்படித்தான் இருக்கிறது என்பது கேள்வி.

நான் 1993ல் தக்கலையில் பகுதிநேர நிருபராகத் தொடங்கி, அப்புறம் நாகர்கோவிலில் நிருபர், கடைசியில் டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்தும் பிரிவு) உதவி ஆசிரியர் என்று 27 வருடம் ஓட்டினேன். 2020ல் வெளியே வந்தேன். வெளியே வந்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். கொரோனா வருடத்தில் பக்கங்களும் ஆட்களும் குறைந்தபோது, குறைந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே எனக்கும் கொஞ்சம் ஆற்றாமை உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், "போச்சு" என்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலம் பெரும்பாலான நிருபர்களுக்கு நல்ல காலமாக இருந்ததே இல்லை. ஒரு பத்திரிகைக்கு இந்த மாவட்டத்தில் மாதச் சம்பளம், பி.எஃப். என்று இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களும் நாகர்கோவிலில்தான். தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம், களியக்காவிளை, ஆரல்வாய்மொழி, இங்கெல்லாம் இருந்தது பகுதிநேர நிருபர். அவருக்குப் பிழைப்பு வேறு. என்னோடு இருந்தவர்களில் ஒருவர் டுடோரியல் வாத்தியார், ஒருவர் போட்டோ ஸ்டூடியோ, ஒருவருக்கு ரப்பர் ஷீட் வியாபாரம், ஒருவர் பத்திரிகை ஏஜென்டே. எனக்கு முதல் வருடம் மாதம் 300 ரூபாய் வந்தது. பெட்ரோலுக்கே பற்றாது.

அப்படியானால் ஏன் செய்தோம்? ஒன்று, ஊரில் மரியாதை. தாசில்தார் ஆபீசில் நாற்காலி போடுவார்கள். இன்னொன்று, விளம்பரம். கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி, நகைக்கடைத் திறப்பு, கல்லூரி அட்மிஷன், மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர். இதற்கெல்லாம் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. நிருபரின் அடுப்பு எரிந்தது அதில்தான். அதனால் ஒரு தனியார் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தபோது, அந்தக் கல்லூரியின் முழுப்பக்க விளம்பரத்துக்கு ஒரு வாரம் முன்புதான் கையெழுத்து வாங்கியிருந்த நான், செய்தியை எழுதினேன், ஆனால் "ஒரு கல்லூரி" என்று எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பேனா தானாக அப்படிப் போயிற்று. அந்த மாணவர்களில் ஒருவன் மறுநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "அண்ணே, எந்தக் காலேஜ்னு உங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டான். நக்கல்கூட இல்லை, நிஜமாகவே கேட்டான்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், இப்போது நடந்திருப்பது இதுதான்: அன்று பகுதிநேர நிருபருக்கு மட்டும் இருந்த நிலை, இன்று முழுநேர நிருபர்வரை ஏறி வந்துவிட்டது. சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை, விளம்பரம் தருபவரை நேரில் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம், ஒரே ஆள் பல வேலை. யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்களைப் பார்த்து "இவனெல்லாம் நிருபரா, நகைக்கடைக்கு விளம்பரம் பேசுகிறான்" என்று என் வயதுக்காரர்கள் முகம் சுளிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாமும் அதைத்தானே செய்தோம்? என்ன, அவர்கள் கேமரா முன்னால் செய்கிறார்கள்.

சரி, மாறியது எது? நேரம். அதைப் புரிந்துகொள்ள பஸ் கவர் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பதிப்பு அச்சானது திருநெல்வேலியில். செய்தியை வெள்ளைத்தாளின் ஒரு பக்கம் மட்டும், இடது பக்கம் தாராளமாக இடம் விட்டு எழுதுவோம், டெஸ்க்கில் திருத்த வசதியாக. படம் இருந்தால் ஸ்டூடியோவில் கழுவி, ஈரம் காயக் காயக் கவருக்குள் வைப்போம். கவர்மேல் சிவப்பு மையில் "செய்தி, அவசரம்". மாலை ஐந்தரைக்குத் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நெல்லை வண்டி வந்து நிற்கும். கண்டக்டரிடம் கவரையும் சாயாக் காசையும் கொடுத்தால் அவர் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொள்வார். நெல்லையில் ஆபீஸ் பையன் சைக்கிளோடு காத்திருப்பான். ஆரல்வாய்மொழியில் டயர் வெடித்தால் அன்றைக்குத் தக்கலை வட்டாரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். ரொம்பப் பெரிய செய்தி என்றால் தந்தி, அல்லது டிரங்க் கால். தந்தி 2013 ஜூலையில் நாடு முழுக்க நின்றே போயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே ஃபேக்ஸ் வந்து அதை எங்களுக்கு வேண்டாததாக்கிவிட்டது.

காலை பதினொரு மணிக்கு ஒரு சம்பவம். கவர் போவது ஐந்தரைக்கு. நடுவில் ஆறரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் இந்தத் தொழில் நடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் (எழுத்தர்) ஒன்று சொல்வார்; சம்பவ இடத்துச் சாயாக்கடைக்காரர் வேறு சொல்வார்; ஆஸ்பத்திரியில் காயம்பட்டவரின் மச்சான் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பாராவை நான்கு முறை மாற்றி எழுதுவோம். நாங்கள் நேர்மையின் சிகரம் என்பதால் அல்ல, பஸ் வரும்வரை வேறு வேலை இல்லை என்பதால்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பழம்பெருமை ஆகிவிடும். செய்தியை நிறுத்த நினைத்தவர்களுக்கும் அதே ஆறரை மணி நேரம் கிடைத்தது. ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் வந்து தோளில் கை போடுவார். "அண்ணாச்சி, நம்ம பையன்தான்" என்பார். கவர் கனம் குறையும். இப்போது அந்தச் சம்பவம் பதினொன்றே கால் மணிக்கே ஐம்பது செல்போனில் ஓடிக்கொண்டிருக்கும், யார் தோளில் கை போட்டு என்ன? எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை.

ஒரு சின்ன விலகல். இந்த மாவட்டத்தில் பத்திரிகைக்காரனுக்கு மரியாதை சும்மா வந்ததல்ல. திருவிதாங்கூரில் இருந்த தமிழர்களின் குரலாக நாகர்கோவில்காரரான டி.வி.ராமசுப்பையர் 1951ல் தினமலரைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற போராட்டம், 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு, 1956 நவம்பர் 1ல் இணைப்பு, அதற்கு மறுவருடம் பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம் மாறியது. பூதப்பாண்டிக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா நடத்திய ஜனசக்தி வேறொரு பக்கம். பத்திரிகை என்றால் ஒரு தரப்பில் நின்று எழுதுவது என்ற எண்ணம் இங்கே பழசு. 'நடுநிலை' என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே டெஸ்க்கில், அதுவும் என் செய்தியைத் திருப்பி அனுப்பும்போது.

இப்போது இன்றைக்கு வருவோம். எனக்குப் பழக்கமான ஒரு பெண் நிருபர் நாகர்கோவிலில் இருக்கிறார், வயது 26. நான் சேர்ந்த காலத்தில் கலெக்டர் பிரஸ் மீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இப்போது முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். இவருடைய நாள் ஆறு மணிக்குப் படுக்கையிலேயே தொடங்குகிறது. போனில் நாற்பதுக்கு மேல் வாட்ஸ்அப் குழுக்கள். மக்கள் தொடர்பு அலுவலகம் ஒன்று, போலீஸ் ஒன்று, கட்சிக்கு இரண்டு மூன்று, கடற்கரைப் பங்குகள் (தேவாலயப் பகுதிகள்), வியாபாரிகள் சங்கம், ரயில் பயணிகள், "குமரி நண்பர்கள்" என்று யார் தொடங்கினார்கள் என்றே தெரியாத நான்கைந்து. எட்டு மணிக்குள் இணையத்துக்கு மூன்று செய்தி போக வேண்டும். பத்துக்கு ஒரு போராட்டம்: அதற்குச் செய்தி, படம், முப்பது நொடி வீடியோ, ஒரு பைட் (பேட்டித் துணுக்கு). கேமராமேன் கிடையாது, இவரே மைக்கை நீட்டி, இவரே போனைப் பிடித்து, இவரே கேள்வி கேட்கிறார். மாலையில் அதே சம்பவத்தை அச்சுப் பதிப்புக்கு வேறு மாதிரி எழுதித் தர வேண்டும். இரவு பத்தரைக்கு ஆபீசிலிருந்து ஒரு அட்டவணை வரும், இன்று எந்தச் செய்தியை எத்தனை பேர் திறந்தார்கள் என்று.

அந்த அட்டவணையில் எப்போதும் கடைசியில் கிடப்பது அணை நீர்மட்டம். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி. எங்கள் காலத்தில் அது தினமும் போகும் ஐந்து வரிச் செய்தி. பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பது இந்த மாவட்டத்தில் ஏலாக்களில் (வயல்வெளிகளில்) நெல் போட்டவர்களுக்கு மனப்பாடம். "யாரும் கிளிக் பண்ணுவதில்லை, எதற்கு இது?" என்று ஒரு கூட்டத்தில் இவரிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் சென்னையில் இருப்பவர். மழைக்காலத்தில் அணை திறந்தால் திற்பரப்பு அருவியில் யார் குளிக்க முடியும், குழித்துறைப் பக்கம் தாமிரபரணிக் கரையில் யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த ஐந்து வரியில்தான் இருக்கிறது என்று இவர் விளக்க வேண்டியிருந்தது. முன்பு எந்த மடையனும் இதை விளக்கச் சொன்னதில்லை, ஏனென்றால் எந்தச் செய்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த அறியாமை எங்களைக் காப்பாற்றியது.

வேகம் என்ன செய்யும் என்பதற்கு என் கையாலேயே நடந்த ஒன்று. 2018 வாக்கில், டெஸ்க்கில் இருந்தேன். தேசிய நெடுஞ்சாலையில் பைக்கும் லாரியும் மோதி, பைக்கில் இருந்த இருவரில் ஒருவர் அதே இடத்தில் இறந்துவிட்டார். இன்னொருவர் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். சம்பவ இடத்தில் கிடந்த பையில் ஒரு டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. யாரோ அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். போட்டிப் பத்திரிகையின் இணையத்தில் பெயரோடு வந்துவிட்டது. எங்கள் நிருபர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார், இன்னும் பத்து நிமிடம் என்றார். நான் காத்திருக்கவில்லை. பெயரைப் போட்டேன். லைசென்ஸ் உயிரோடு இருந்த பையனுடையது. பையை நண்பன் மாட்டியிருந்திருக்கிறான். 22 நிமிடம் அந்தப் பெயர் இருந்தது. அந்த நேரத்துக்குள் வளைகுடாவில் வேலை பார்க்கும் அவனுடைய அப்பா அதைப் பார்த்துவிட்டார். ஆபீஸ் எண்ணுக்குப் போன் வந்தது, எடுத்தது நான்தான். அவர் திட்டவே இல்லை. "சார், உறுதியா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிப் பத்திரிகை போட்டதால் நானும் போட்டேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? பஸ் கவர் காலமாக இருந்தால் சாயங்காலத்துக்குள் அது தானாகத் திருந்தியிருக்கும். இப்போது திருந்துவதற்கு முன்னால் ஊர் சுற்றி வந்துவிடுகிறது. டெஸ்க்கில் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம்: இறந்தவர் பெயர் என்றால் ஆஸ்பத்திரியோ போலீசோ உறவினரோ, இரண்டு இடத்தில் கேட்காமல் போடுவதில்லை. மூன்று மாதம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஆள் குறைந்தது.

ஒக்கி புயல் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்து நிருபர்களைப் பற்றிப் பேச முடியாது. 2017 நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம்; எல்லோரும் திருவிழா விளம்பரப் பக்கத்தில் மும்முரம். விடிந்து பார்த்தால் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடக்கின்றன, மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடக்கின்றன, போனில் டவர் இல்லை. முதல் நாள் நாங்கள் எழுதியது முழுக்கக் கரையைப் பற்றித்தான்: விழுந்த மரம், மின்தடை, பள்ளி விடுமுறை. கடலுக்குப் போனவர்கள் என்ற பெரிய செய்தி எங்களுக்குப் பிந்தித்தான் உறைத்தது. தூத்தூர் மண்டலத்து எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள், புயல் வருகிறது என்ற தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதெல்லாம் வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் போய் நின்ற பிறகுதான் புரிந்தது.

அந்த நாட்களில் எங்கள் நிருபர் ஒருவர் போனை பைக்கில் வைத்துக்கொண்டு களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போய், அங்கே ஒரு கடையில் சார்ஜ் போட்டு, அங்கிருந்தே செய்தி அனுப்பிவிட்டுத் திரும்புவார். அரசு ஒரு எண்ணிக்கை சொன்னது. ஒவ்வொரு பங்கிலும் கோவில் வாசலில் வேறொரு பட்டியல், பெயர், படகு, வயது என்று கையால் எழுதியது, இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. சென்னை டெஸ்க்குகளுக்கு அப்போது ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் முக்கியம்; எங்களிடம் "அரசு எண்ணிக்கையை வைத்து முடியுங்கள்" என்றார்கள். நிருபர் பங்குப் பட்டியலை ஒரு பெயர் விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா சொன்னாராம், "பேரை எழுதிட்டுப் போயிருவிய, ஆளைத் தேட யாரு போவா?" என்று. டிசம்பர் 7ல் மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் சென்னையின் கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பின.

அந்த நோட்டு எழுதிய நிருபர் இன்று இந்தத் தொழிலில் இல்லை. கடையாலுமூடு பக்கம் தேன் பெட்டி வைத்திருக்கிறார். நன்றாக இருக்கிறார், வருத்தப்பட வேண்டாம்.

மனப்போக்கு மாறியதா என்று கேட்டால், நிச்சயமாக. சில இடத்தில் எங்களைவிட மேல். க்ரைம் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பழகிய தமிழ் எப்படிப்பட்டது? "கள்ளக்காதல்", "உல்லாசம்", "அழகி கைது". ஒரு பெண் கொலையுண்டால் மூன்றாவது பாராவில் அவளுடைய நடத்தையைப் பற்றி ஒரு வரி. போலீஸ் ரைட்டர் சொன்ன சொல் அப்படியே தலைப்பாகும். ஏனென்றால் எங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கண்ணில் காட்டியதே அவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குச் செய்தி இல்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சொன்ன பிறகு (பாலியல் வழக்கு போன்றவை நீங்கலாக) அந்தப் பிடி தளர்ந்தது. அந்த 26 வயதுப் பெண் ரைட்டருக்கு வணக்கம் சொல்வதோடு சரி, வீட்டிலிருந்தே எஃப்.ஐ.ஆர். படித்துவிடுகிறார். "கள்ளக்காதல்" என்று டெஸ்க்கில் யாராவது திருத்தினால் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு அவருக்கு எண்ணோடு தெரியும்: குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, எதுவும் வெளியே வரக்கூடாது. எங்களில் பலர் "பெயர் போடவில்லை, ஊரையும் தெருவையும் அப்பாவின் தொழிலையும் மட்டும்தான் போட்டோம்" என்ற ரகம். தற்கொலைச் செய்தியில் எப்படி என்ற விவரமே எழுதாமல், கீழே உதவி எண்ணைப் போடுவதும் இவர்கள் தலைமுறை கொண்டுவந்ததுதான். பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். நானும் செய்தேன்.

எங்களிடம் இருந்து இவர்களுக்கு வந்து சேராமல் போன ஒன்றும் உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த கலவரத்துக்கும் துப்பாக்கிச்சூட்டுக்கும் பிறகு இந்த மாவட்டத்துப் பத்திரிகையாளர்களிடம் ஒரு பழக்கம் படிந்தது. இரண்டு மதத்தினருக்குள் தகராறு என்றால் "இரு தரப்பினர்" என்றுதான் எழுதுவோம். வழிபாட்டு இடத்தின் பெயரைத் தவிர்ப்போம். கொடிக்கம்பம், குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்), ஒலிபெருக்கி, எதைப் பற்றிய தகராறு என்றாலும் சமாதானக் கூட்டம் முடியும்வரை பெரிதாக்க மாட்டோம். இதைச் சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. மூத்தவர் ஒருவர் சாயாக்கடையில் வைத்துச் சொல்லித் தருவார். இப்போது சாயாக்கடையில் உட்கார யாருக்கு நேரம்? சம்பவம் நடந்து பத்தாவது நிமிடத்தில் இரண்டு மதத்தின் பெயரும் கொட்டை எழுத்தில் வீடியோத் தலைப்பில் இருக்கிறது. போட்டவர் கெட்ட எண்ணத்தோடு போடுவதில்லை, அப்படிப் போட்டால்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்து போடுகிறார். எனக்கு இந்த மாற்றம்தான் உண்மையில் பயமாக இருக்கிறது.

'கவர்' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரஸ் மீட் முடிந்ததும் பைலுக்குள் வைத்துத் தரும் கவர். அது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாங்காதவர்கள் அன்றும் இருந்தார்கள். இதில் காலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டுபவர்கள் மட்டும் பெருகிவிட்டார்கள். கனிமவள லாரி போகும் ராத்திரியில் செக்போஸ்ட் பக்கம் போய் நின்றால் அந்த ஸ்டிக்கர்களைப் பார்க்கலாம். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இனி சம்பளம், சட்டம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் சொல்கிறேன். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955ல் வந்தது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பது அதில் இருந்தது. வாரத்துக்கு 36 மணி நேரம். இதை நான் ஒருமுறை டெஸ்க்கில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்த வருடத்தில் எல்லோரும் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான். மஜீதியா சம்பளக் குழுவின் பரிந்துரையை மத்திய அரசு 2011ல் அறிவித்தது, 2014ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதற்குப் பிறகு பல இடங்களில் நடந்தது, "பழைய சம்பளமே போதும்" என்று எழுதி வாங்குவதும், புதிதாக வருபவர்களை ஒப்பந்தத்தில் எடுப்பதும். பிறகு 1955 சட்டத்தை 2020ன் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21ல் அந்தத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. ஒரு நல்லது: டி.வி., இணையத்தில் வேலை செய்பவர்களும் இப்போது 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்ற விளக்கத்துக்குள் வருகிறார்கள். ஒரு கெட்டது: பத்திரிகையாளர்களுக்கென்று தனியாகச் சம்பளக் குழு அமைக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 2021ல் தமிழக அரசு அமைத்த பத்திரிகையாளர் நல வாரியம் இருக்கிறது, சேர்ந்ததும் அதில் பதிவு செய்யப் பாருங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முதலில் நியமன உத்தரவு என்ற ஒரு காகிதம் வேண்டும். ஐ.டி. கார்டைக் கையில் கொடுத்துவிட்டு "போய் வேலையைப் பாருங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லும் இடமாக இருந்தால், அது 1993ல் எனக்குக் கிடைத்த அதே வேலைதான். தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஆக, சேரலாமா? சேரலாம், ஆனால் உங்கள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். முதல் இரண்டு வருடம் இந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாது. நீங்கள் மார்த்தாண்டத்துக்காரர் என்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய முதல். உங்கள் விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கு மலையாளம் காதிலேயே இருக்கும். படிக்கவும் தெரிந்தால் இன்னும் நல்லது. எல்லையில் ஏதாவது நடந்தால் இரண்டு மாநிலத்து டெஸ்க்குக்கும் ஆள் தேவை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக்கொல்லப்பட்ட ராத்திரி, இரண்டு மொழியும் பேசத் தெரிந்த நிருபர்களுக்கு விடிய விடியப் போன் ஓயவில்லை. சென்னையிலிருந்து வரும் எவராலும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பழகுங்கள். மாதத்துக்கு ஒன்று போட்டாலும் போதும். பதில் வர ஒரு மாதம் ஆகும், ஆனால் அந்தப் பதில் வேறு எவருடைய குழுவிலும் இருக்காது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போனால் பிரஸ் மீட் ஹாலில் உட்காராதீர்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள், அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அந்த வாரத்துக்கான செய்தி அங்கே கிடைக்கும். நாற்பது குழுவில் முப்பத்தைந்தை மியூட்டில் போடுங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், போனில் அல்ல, காகிதத்தில். டவர் போகும் நாள் இந்த மாவட்டத்தில் வரும்.

சேர்வதென்று முடிவு செய்தால் ஜனவரிவரை தள்ளிப்போடாமல் செப்டம்பருக்குள் சேர்ந்துவிடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அணை, ஆறு, கடல், மலையோரச் சாலை, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், எல்லா இடத்துக்கும் அந்த மூன்று மாதத்தில் போக வேண்டி வரும். போகும்போது பேச்சிப்பாறை எத்தனை அடி என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். டெஸ்க்கில் வேண்டாம் என்றால் உங்கள் ஊர்க் குழுவிலாவது போடுங்கள், ஏலாவில் வயல் வைத்திருக்கும் யாராவது ஒருவர் கட்டாயம் நன்றி சொல்வார்.